மூவாயிரம் மீட்டர் ஆழத்துச் சுருதி

“நம்ம பேய்க்கு உடுக்கைதான் பொருந்தும். சிந்தசைசர் எல்லாம் வெள்ளைக்காரன் பேய்க்கு.” திரையிசை பற்றிப் பேச உட்கார்ந்தால் இப்போது யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். ‘மண்ணின் இசை’ என்ற சொல்லுக்கு இருக்கும் மவுசில் மறுத்துப் பேச ஆளில்லை. தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் பிறந்தவன் என்பதால் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: எந்த மண்?

எங்கள் மண்ணுக்கு மின்சாரம் 1902லேயே வந்துவிட்டது. சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். என் தாத்தா கோழி கூவி எழுந்தவரில்லை, ஷிப்டுக்குச் சங்கு ஊதி எழுந்தவர். பூமிக்கடியில் பாறை வெடித்தால் எங்கள் லைன் வீட்டில் அடுக்கி வைத்த பாத்திரம் தானாக ஆடும். அந்த உறுமல் காதுக்கு வருமுன் பாதத்துக்கு வந்துவிடும். அம்மன் கோயில் உடுக்கையையும் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் உடுக்கை ஒலித்தால் பூசாரி பக்கத்தில் இருக்கிறார் என்று பொருள். அதைக் கேட்டால் தைரியம்தான் வரும். பயம் வேறு இடத்திலிருந்து வந்தது.

மின்னணு ஒலிக்கும் அமானுஷ்யத்துக்கும் உள்ள உறவு பழையது. 1956இல் ‘ஃபர்பிடன் பிளானட்’ படத்துக்கு லூயி, பீபி பேரன் தம்பதி மின்சுற்றுகளை மட்டும் வைத்து ஒலி அமைத்தார்கள். டைட்டிலில் அதற்கு ‘இசை’ என்ற பெயர்கூடக் கிடைக்கவில்லை. 1963இல் பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ தொடருக்கு ரான் கிரெய்னர் எழுதிய மெட்டை, டேப்பை வெட்டி ஒட்டி ஒலியாக்கியவர் டீலியா டெர்பிஷயர். அந்தத் தொடரின் திரையில் அவர் பெயர் வந்தது 2013இல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே அவர் போய்ச் சேர்ந்திருந்தார். பிறகு ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978), மார்க் ஸ்னோவின் விசில் மிதக்கும் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ (1993).

நம் பக்கம் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963), ‘அதே கண்கள்’ (1967) என்று ஒரு மர்மப் பட மரபு ஓடியது. 1969இல் ஆமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரோடு ஓர் ஒலிக்கூடம் அமைந்தது. கீதா சாராபாய் முதலானோர் அங்கே செய்து பார்த்தவை தொகுப்பாக வெளிவர 2023 ஆயிற்று. 1986இல் ‘புன்னகை மன்னன்’ என்ற காதல் படத்தில் இளையராஜா கணினியைப் புகுத்தினார். காதலுக்கு ஒட்டிய இயந்திரம் பேய்க்கு மட்டும் ஒட்டாதா?

இந்த இடத்தில் நிதானமாகக் கேட்க வேண்டியது ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ என்ற அமானுஷ்யத் தொடரின் இசைத்தொகுப்பு. 2016இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினைச் சேர்ந்த கைல் டிக்சனும் மைக்கேல் ஸ்டைனும் பழைய அனலாக் சிந்தசைசர்களை வைத்துச் செய்தது. எழுபதுக்கு மேற்பட்ட சிறு துண்டுகள், இரண்டு பாகங்கள். முகப்பிசைக்கு 2017இல் எம்மி விருது. எண்பதுகளின் ஏக்கத்தை மீட்டியதால் வென்றது என்று இதைச் சுருக்கிவிடுகிறார்கள். நான் ஏற்கவில்லை. அந்த முகப்பிசையின் ஸ்வரங்களை எடுத்துப் பாருங்கள்: ச க ப நி, மேல் ச, திரும்ப நி ப க. ஹம்சத்வனியில் ரிஷபத்தை மட்டும் உருவிவிட்டால் கிடைப்பது! கச்சேரியை மங்களகரமாகத் தொடங்க வைத்திருக்கும் ராகத்தின் ஸ்வரங்கள் முதுகைச் சில்லிட வைக்கின்றன. அப்படியானால் பயம் ஸ்வரத்தில் இல்லை, நாதத்தின் நிறத்தில் இருக்கிறது. ஒலி மெல்லத் திறந்து மூடுகிறது, அடியில் இதயம்போல் ஒன்று துடிக்கிறது, மெட்டு எங்கும் போய்ச் சேராமல் சுற்றுகிறது. அந்தச் சுழற்சிக்கு ஊர் கிடையாது, சாதி கிடையாது.

மின்னணு நாதம் நமக்கு அந்நியம் என்பவர்கள் சபா மேடையைப் பார்க்கட்டும். 1979இல் பெங்களூரில் ராஜ் நாராயண் உருவாக்கிய மின்னணுச் சுருதிப்பெட்டி, ஆசாரம் மிகுந்த வித்வான்களின் பக்கத்திலும் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது. மாறாத ஒரு சுருதியில் மணிக்கணக்காக மூழ்கிக் கிடக்கத் தெரிந்த சமூகம் நாம். அமானுஷ்யத் தொடருக்கு வேண்டிய முதல் பாடமே அதுதான்.

ஆனால் அந்தப் பாடத்தை நம் தொடர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. தொண்ணூறுகளில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ ஊரையே வாரம் ஒருநாள் வீட்டுக்குள் உட்கார வைத்தது. அதன் பலம் ‘தெய்வமா, மனமா’ என்ற தீராத ஐயம். ஐயத்துக்கு வேண்டியது நீண்ட சுருதி. ஓ.டி.டி. காலத்தில் பணம் வந்தது, கருவி வந்தது. அந்தப் பொறுமை மட்டும் வரவில்லை. கதவு திறந்தால் ஒரு ‘டமார்’, கண்ணாடியில் முகம் தெரிந்தால் இன்னொரு ‘டமார்’. அதன்மேல் மண்வாசனைக்கு ஒரு கைப்பிடி உடுக்கை. சுரங்கக் கழிவு குவிந்த எங்கள் சயனைடு மேட்டில் படமாக்கிய ‘கே.ஜி.எஃப்.’ (2018) ரவி பஸ்ரூரின் முழக்கத்தில் உலகம் சுற்றியது. அதில் எங்கள் ஊர்ச் சத்தம் மட்டும் இல்லை.

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ஸை நகலெடுக்கச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த படியை ஐஸ்லாந்தின் ஹில்தூர் குத்னதோத்திர் காட்டிவிட்டார். 2019இல் ‘செர்னோபில்’ தொடருக்காக லித்துவேனியாவில் மூடிக்கிடந்த இக்னாலினா அணு உலைக்குள் போய்க் குழாய், கதவு, பம்பு, கூடம் எல்லாவற்றின் ஓசையையும் பதிவுசெய்தார். அதையே இசையாக்கினார். கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சுக்கு அந்தக் கட்டடமே குரல் கொடுத்தது. மண்ணின் இசை என்றால் நான் புரிந்துகொள்வது இதைத்தான்.

எங்கள் ஊரிலும் கண்ணுக்குத் தெரியாததைத் தேடி வந்தவர்கள் உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, 1965இல் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். பேய்த்துகள் என்று செல்லப்பெயர் பெற்ற துகள் அது. மேலே இரைச்சல் அதிகம் என்பதால்தான் அவ்வளவு ஆழம் போனார்கள். மூன்று கிலோமீட்டரைத் தாண்டி இறங்கிய அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. குழிகளில் தண்ணீர் ஏறிவிட்டது. துருப்பிடித்த இரும்புக் கோபுரங்களில் காற்று புகுந்து வெளியே வரும்போது ஒரு சுருதி கேட்கிறது.

பங்காருப்பேட்டையில் ரயில் மாறினால் கடைசி நிலையம் நாங்கள்தான். ஓர் இசையமைப்பாளர் நல்ல மைக்கோடு வரட்டும். உடுக்கையையும் கொண்டுவரட்டும், ஆட்சேபணை இல்லை. அதைத் தட்டுமுன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று கேட்கட்டும்.