பின்பனியும் பாலைதான்

குளிர்நாடுகளைப் பற்றித் தமிழில் இப்போது நிறைய எழுதப்படுகிறது. அதில் ஒரு கிளை, நார்வேயின் கடற்கரை ஓரமாகக் குளிர்காலத்தில் கப்பல் ஏறிப் போய்வந்தவர்கள் எழுதுவது. பத்துப் பன்னிரண்டு படித்துவிட்டால் பதிமூன்றாவதை நாமே எழுதிவிடலாம். சென்னையில் விமானம், தோஹாவிலோ துபாயிலோ மாற்றம், பெர்கன் நகரில் மழை. கப்பல் ஏறி மூன்றாம் நாள் ஆர்க்டிக் வட்டம். நான்காம் நாள் இரவு கேப்டன் ஒலிபெருக்கியில் அறிவிக்க, எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடுகிறார்கள். வானத்தில் பச்சைத் திரை. அதற்கு ஒரு தேவதை உவமை, ஒரு பட்டுப்புடவை உவமை. கடைசித் துறையான ஷிர்கெனெஸில் இறங்கி, பனியால் கட்டிய ஹோட்டல், நாய்வண்டி, பிறகு ஆஸ்லோ, ஹெல்சிங்கி, ஸ்டாக்ஹோம் என்று விமானங்கள். முடிவில் "இயற்கையின் முன் மனிதன் எவ்வளவு சிறியவன்".

இவற்றை எழுதுகிறவர்களில் கணிசமானோர் என் தொழில்காரர்கள். கம்பெனி அனுப்பி வெளிநாட்டில் இருப்பவர்கள், கிறிஸ்துமஸ் விடுமுறையை வீணாக்க விரும்பாதவர்கள். அவர்கள் போனதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆச்சரியப்பட்டதிலும் இல்லை. இருபது டிகிரிக்குக் கீழே வெயில் இறங்கினாலே போர்வை தேடுகிற ஊரில் பிறந்தவன் வடக்கு ஒளியைப் பார்த்து வாயைப் பிளக்காமல் வேறென்ன செய்வான்? என் பிரச்சினை வேறு. இந்தக் கட்டுரைகளில் குளிர் ஒரு காட்சியாக மட்டுமே இருக்கிறது. யாருடைய உடம்பிலும் அது ஏறுவதில்லை. யாருடைய கூலியையும் அது தீர்மானிப்பதில்லை.

கோவில்பட்டிப் பக்கத்து வாசகனுக்கு இது உறுத்தும். ஏனென்றால் பருவநிலையை அப்படி எழுதக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

*

முதலில் அந்தக் கப்பலைப் பார்ப்போம். ஹுர்டிக்ரூட்டன் என்றால் 'விரைவு வழி'. 1893 ஜூலை 2 அன்று ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் 'வெஸ்டெரோலன்' என்ற நீராவிக் கப்பலை ட்ரோன்ஹெய்மிலிருந்து ஹம்மர்ஃபெஸ்ட்டுக்கு ஓட்டிப் போனார். அதற்கு முன்பு வடக்கே ஒரு கடிதம் போய்ச்சேரக் கோடையில் மூன்று வாரம், குளிர்காலத்தில் ஐந்து மாதம் வரை ஆகும் என்பார்கள். இருட்டில், பாறைகளுக்கு நடுவே, போதிய கலங்கரை விளக்கங்கள் இல்லாத கடலில் குளிர்காலம் முழுக்கக் கப்பல் ஓட்ட முடியும் என்று நம்பியவர்கள் குறைவு. வித் ஓட்டிக் காட்டினார். ஆக இது தபால் கப்பல். உப்பு, மாவு, கடிதம், பிரசவத்துக்குப் போகும் பெண், வேலை தேடிப் போகும் ஆள் என்று ஏற்றி இறக்கிய கப்பல். நம்மூர் மொழியில் சொன்னால் எல்லா ஸ்டாப்பிலும் நின்று போகிற டவுன் பஸ்.

இன்றும் பெர்கனுக்கும் ஷிர்கெனெஸுக்கும் இடையே 34 துறைகள். போய்த் திரும்பப் பன்னிரண்டு நாள். வடக்கே போகையில் இரவில் கடக்கிற துறைகளைத் திரும்பும்போது பகலில் பார்க்கும்படி நேர அட்டவணை அமைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமில்லை. ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நண்பகலில் ஒரு நீல வெளிச்சம் வந்து போகும், அவ்வளவுதான். சில துறைகளில் கப்பல் பதினைந்து நிமிஷம்தான் நிற்கும். ஃபோர்க்லிஃப்ட் நாலு பெட்டியை இறக்கும், நாலு பெட்டியை ஏற்றும். பயணக் கட்டுரையாளர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது சாப்பாட்டு மேஜையில் இருப்பார்.

அந்தப் பதினைந்து நிமிஷத் துறைகளில்தான் தமிழர்கள் இருந்தார்கள்.

*

நார்வேக்கு வந்த முதல் தமிழராகச் சொல்லப்படுபவர் யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம். 1956இல் வந்தார். மீன்பிடித் தொழில் கற்றார். பின்னாளில் நார்வேயின் உதவியோடு 'சீநோர்' என்ற மீன்பிடித் திட்டம் யாழ்ப்பாணத்தில் உருவாகக் காரணமாக இருந்தார். அவரைத் தொடர்ந்து மாணவர்களாகச் சிலர். 1983க்குப் பிறகு அகதிகளாகப் பலர். அவர்களில் ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்த இடம் நாட்டின் வடகோடி, ஃபின்மார்க். மீன் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் உள்ளூர்க்காரர்கள் வேண்டாமென்று விட்டுப்போன வேலை அங்கே காலியாக இருந்தது. போட்ஸ்ஃபியூர், வார்டோ, வாட்சோ, ஹம்மர்ஃபெஸ்ட் என்று கப்பலின் அட்டவணையில் வரிசையாக வருகிற ஊர்கள் இருப்பது அந்த மாகாணத்தில்தான். ரப்பர் பூட்ஸ், தலைவலை, கையுறை, கத்தி, ஓடிக்கொண்டே இருக்கிற பெல்ட், அதன் மேல் காட் மீன். வெளியே சூரியன் வராத இரண்டு மாதம்.

ஆனே சிக்ஃப்ரிட் க்ரோன்செத் என்ற நார்வே மானுடவியலாளர் அப்படியொரு வடகடல் மீன்பிடி ஊரில் தமிழர்களோடு தங்கிக் கள ஆய்வு செய்தார். 2010இல் அது புத்தகமாக வந்தது. அதன் மையம் உடல்வலி. தோளில் வலி, முதுகில் வலி, வயிற்றில் வலி. டாக்டரிடம் போகிறார்கள், சோதனையில் ஒன்றும் தெரிவதில்லை. மறுபடி போகிறார்கள். சம்பளம் இருக்கிறது, வீடு இருக்கிறது, கார் இருக்கிறது, வலி மட்டும் போகவில்லை. உறவுகளுக்கு நடுவே 'தான்' என்று ஒன்றை உணர்ந்து பழகியவர்கள் அந்த உறவுகள் இல்லாத இடத்தில் நோயாளியாகிறார்கள் என்ற திசையில் அவருடைய விளக்கம் போகிறது. பலர் பின்னர் ஆஸ்லோ பக்கம் இறங்கிவிட்டார்கள். கோயிலும் தமிழ்ப் பள்ளியும் சொந்தக்காரர்களும் அங்கேதான்.

என் ஆதங்கம் இதுதான். தமிழனின் உடம்பில் குளிர் என்ன செய்தது என்பதை விரிவாக எழுதியவர் ஒரு நார்வேக்காரர். அதே துறையில் இறங்காமல் கடந்து போன தமிழ் எழுத்து, வானத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தது.

*

தமிழ்ப் பயண எழுத்தின் தொடக்கம் இப்படி இல்லை. 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில்தான் காந்தியைப் பற்றிப் படமெடுக்கும் எண்ணம் ஏ.கே. செட்டியாருக்கு வந்தது. அடுத்த மூன்று வருஷத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்து, 1940இல் படத்தை வெளியிட்டார். வட அட்லாண்டிக் குளிரிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு வேலைத்திட்டம். அவருடைய பயண நூல்களைப் படித்தால் முதலில் படுவது, அவர் தன்னை மறைத்துக்கொள்ளும் விதம். சின்னச் சின்ன வாக்கியம். சந்தித்த மனிதர் முன்னால் நிற்பார், செட்டியார் ஓரமாக நிற்பார். குறை ஒன்று உண்டு, அவர் எங்கேயும் தங்குவதில்லை. அடுத்த ஊருக்கு, அடுத்த படச்சுருளுக்குப் போய்க்கொண்டே இருப்பார். ஆனாலும் அவர் கண் மனிதர்கள் மேல் இருந்தது.

அது மாறியது வாரப் பத்திரிகைகளின் காலத்தில். ஆனந்த விகடனில் மணியன் எழுதிய 'இதயம் பேசுகிறது' லட்சக்கணக்கான வாசகர்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனது. பாஸ்போர்ட் என்றால் என்னவென்று தெரியாத வாசகருக்குப் பதிலாக எழுத்தாளர் போய்வந்தார். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று வாசகனே யூடியூபில் அந்தக் கப்பலின் அறையைப் படுக்கை விரிப்பு வரை பார்த்துவிட்டான். ஆனால் எழுத்து இன்னும் பதிலாள் வேலையையே பார்க்கிறது. 'நான் பார்த்தேன், நீங்களும் பாருங்கள்' என்பதற்கு மேல் அதனால் நகர முடியவில்லை.

*

இப்போது கரிசலுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துப் பெரிய நாவல்களில் இரண்டு பயணக் கதைகள் என்று சொன்னால் சிலர் சிரிக்கலாம். யோசித்துப் பாருங்கள். இடைசெவலில் உட்கார்ந்து கி. ராஜநாராயணன் எழுதிய 'கோபல்ல கிராமம்' (1976) எதைப் பற்றியது? தெலுங்கு தேசத்திலிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஊரைவிட்டு ஓடிவந்த கூட்டம், தெரியாத மண்ணில் காட்டைக் கொளுத்தி, நிலம் திருத்தி, ஊராக நிலைத்த கதை. இன்றைய சொல்லில் அகதிகளின் கதை. அதைச் சொல்பவள் வயசான மங்கத்தாயாரு அம்மாள். அதில் ஆச்சரியம் கொட்டிக்கிடக்கிறது. ஆனால் வந்து சேர்ந்த நிலம் வேடிக்கை பார்க்கக் கிடைத்த நிலமாக ஒரு இடத்திலும் இல்லை. பார்த்த மறுகணம் அவர்கள் கேட்கிறது, இங்கே என்ன விளையும்?

பூமணியின் 'வெக்கை' (1982) இன்னொன்று. பதினைந்து வயசுப் பையன் ஒரு கொலையைச் செய்துவிட்டு அப்பாவோடு எட்டு நாள் காடுகரையெல்லாம் ஒளிந்து திரிகிறான். தலைப்பே பருவநிலைதான். ஆனால் நாவலில் வெயிலுக்கு வர்ணனை தேடினால் ஏமாந்துபோவீர்கள். வெக்கை அதில் தாகமாக இருக்கிறது, எங்கே சோறு பொங்குவது என்ற கவலையாக இருக்கிறது, ராத்திரி எந்தப் பாறையில் சூடு தங்கியிருக்கும் என்ற கணக்காக இருக்கிறது. சோ. தர்மனின் 'சூல்' கண்மாயை எழுதும்போதும் அப்படித்தான். தண்ணீர் என்பது அங்கே அழகு, சரி. அதற்கு முன்னால் அது மடை, முறை, சண்டை.

இதைத்தான் அளவுகோலாக வைக்கிறேன். பருவநிலையை வேலையின் வழியாகவும் உடம்பின் வழியாகவும் எழுதுவது.

அப்படிப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அந்தக் கப்பல் பயணத்தில் எவ்வளவு கிடைத்திருக்கும்! லோஃபோட்டன் தீவுகளில் காட் மீனை உப்பில்லாமல், மரச்சட்டங்களில் தொங்கவிட்டு, மாசக்கணக்கில் குளிர்காற்றிலேயே காயவைக்கிறார்கள். கருவாடு! தூத்துக்குடியில் வெயிலும் உப்பும் செய்கிற வேலையை அங்கே குளிரும் காற்றும் செய்கின்றன. அது இத்தாலிக்கும் நைஜீரியாவுக்கும் போகிறது. ஸ்டாக்ஹோமில் இறங்கியவர்கள் ஒரு தீப்பெட்டியை நினைத்திருக்கலாம். பாதுகாப்புத் தீக்குச்சிக்கு 1844இல் காப்புரிமை பெற்றவர் குஸ்தாவ் எரிக் பாஷ் என்ற ஸ்வீடன்காரர். அதைத் தொழிலாக வளர்த்தது யோன்ஷோப்பிங் நகரம். ஸ்வீடன் கம்பெனிதான் 1923இல் விம்கோவை இங்கே தொடங்கியது. அதன் இயந்திரங்களோடு போட்டிபோட்டு நின்றவை சிவகாசியிலும் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் கையால் அடைத்த தீப்பெட்டிகள். மழை பொய்க்கிற காய்ந்த காற்று விவசாயத்துக்குச் சாபம், மருந்து முக்கிய குச்சிக்கு வரம். வட ஐரோப்பாவுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே இப்படியொரு நூல் ஓடுகிறது. ஒரு கட்டுரையாவது அதைப் பிடித்து இழுத்திருக்கலாம்.

*

கடைசியாக ஒரு இலக்கண விஷயம்.

தமிழில் 'பனி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம். மார்கழி விடியலில் உளுந்தஞ்செடி மேல் நிற்பதும் பனி, நார்வேயில் கதவை மூடுகிற அளவுக்குக் கொட்டுவதும் பனி. கரிசலில் பனி எதிரி இல்லை. மழை நின்ற பிறகு மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் பனியும் சேர்ந்துதான் கொண்டைக்கடலையையும் மல்லியையும் கரையேற்றும். பழந்தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள். ஆக அந்தச் சொல்லுக்குள் உடம்பு முன்பே இருக்கிறது. நாம்தான் அதை வெறும் வெள்ளை நிறமாக்கிவிட்டோம்.

புலம்பெயர்ந்தோர் கதைகளைத் திரட்டி 1994இல் 'பனியும் பனையும்' தொகுப்பு வந்தது. அந்தச் சூழலில் பனிநிலத்தை ஆறாம் திணையாகக் கொள்ளலாம் என்ற பேச்சும் எழுந்தது. உற்சாகமான யோசனைதான். ஆனால் அதில் எனக்கு உடன்பாடில்லை. திணை என்பது நிலம் மட்டும் இல்லை. முதல், கரு, உரி என்று மூன்றும் சேர வேண்டும். நிலமும் பொழுதும் முதல். மரம், மீன், தொழில், உணவு எல்லாம் கரு. அங்கே மனசு என்ன பாடு படுகிறது என்பது உரி. நம் கப்பல் கட்டுரைகள் முதற்பொருளிலேயே நங்கூரம் போட்டுவிடுகின்றன. ஆறாம் திணை பேசியவர்கள் உரிப்பொருள்வரை போனார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த உரிப்பொருள் புதியதா? ஊரை, உறவைப் பிரிந்திருத்தல். அதற்குத் தொல்காப்பியம் ஏற்கெனவே இடம் கொடுத்திருக்கிறது, பாலை.

பாலை என்றதும் நமக்கு வெயில்தான் ஞாபகம் வரும். நண்பகலும் வேனிலும் பாலையின் பொழுதுகள் என்று சொல்கிற அதே தொல்காப்பியம், பின்பனிக் காலமும் அதற்கு உரியது என்று சேர்த்துச் சொல்கிறது. இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பிரிவுக்கு வெயில் கட்டாயமில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பாலைக்குத் தனியாக நிலமும் வேண்டியதில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்லும். அப்படியானால் கடலும் மீனும் வலையுமாக இருந்தவர்கள் அதே மீனை வேறொரு கடலின் ஓரத்தில், தொழிற்சாலைக்குள், சூரியன் இல்லாமல் அறுத்துக்கொண்டிருக்கும்போது அங்கே நெய்தல் இயல்பு கெட்டுப் பாலையாகவில்லையா? போட்ஸ்ஃபியூருக்கு ஆறாவது திணை தேவையில்லை. ஐந்தாவதே போதும்.

கரிசல்காரனுக்கு இந்த நிலம் அந்நியமே இல்லை. வெக்கையை எழுதத் தெரிந்த மொழிக்குக் குளிரை எழுதவும் தெரியும். வேலை செய்கிற கையின் பக்கம் கண் திரும்ப வேண்டும், அதுதான் நிபந்தனை. அந்தத் தொழிற்சாலைகளில் நின்றவர்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயசு இருக்கும். ஆஸ்லோவில் பேரப்பிள்ளைகளோடு இருப்பார்கள். மங்கத்தாயாரு அம்மாள் மாதிரி அவர்களில் ஒருத்தர் சொல்ல, உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும். அடுத்த குளிர்காலத்தில் கப்பல் ஏறப் போகிறவர்கள் ஷிர்கெனெஸிலிருந்து ஆஸ்லோவுக்கு எப்படியும் விமானம் பிடிக்கத்தான் போகிறார்கள். அங்கே இரண்டு நாள் கூடுதலாகத் தங்கலாம்.