மகரக்கட்டு உடையும் சித்திரங்கள்

குழந்தை கிறுக்கிய படத்தைக் கண்டு பரவசப்படுவதற்கு எந்தப் பயிற்சியும் வேண்டியதில்லை. வங்காள ஓவியர் அவனீந்திரநாத தாகூரின் பெயர் பொறித்த சட்டத்துக்கு முன்னால் மரியாதையாக நிற்பதற்கும் அதிகப் பயிற்சி வேண்டியதில்லை, பெயரே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால், பதினைந்து பதினாறு வயதில், குழந்தைமை கைநழுவிப் போய்த் தேர்ச்சி இன்னும் கைக்கு எட்டாத அந்த இடைக்காலத்தில், பள்ளிக்கூடத்துச் சித்திர வகுப்பில் அமர்ந்து ஒரு மாணவனோ மாணவியோ தீட்டிய படத்தை ரசிப்பதற்குத்தான் மெய்யாகவே சிட்சை வேண்டும். பெற்றோர் “அச்சு அசலாக இருக்கிறது” என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். உறவினர் மதிப்பெண் எவ்வளவு என்று விசாரிக்கிறார்கள். பழைய நாடகக் கம்பெனிகளில் பாலநடிகனுக்கு மகரக்கட்டு உடையும் பருவம் வந்தால் வாத்தியாருக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். ஆனால் காது படைத்தவர்கள் அந்தக் கரகரப்பிலேயே பின்னால் வரப்போகும் சாரீரத்தின் சாயலை இனம் கண்டுவிடுவார்கள். சித்திரத்துக்கும் அப்படி ஒரு பருவம் உண்டு.

அதைப் பார்த்துப் பழகக் கல்கத்தாவைப் போல வசதியான நகரம் நம் தேசத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சித்திரத்தை எப்படிக் கற்பிப்பது என்ற கேள்விக்காக மாணவர்கள் கிளர்ச்சி செய்த ஊர் அது. 1854இல் தொடங்கிய கல்கத்தா கலைப் பள்ளிக்கு, அதற்கு முன் சென்னைக் கலைப் பள்ளியை நடத்திய ஹாவெல் 1896இல் தலைவராக வந்து, ஐரோப்பியச் சிலைகளின் சாந்து வார்ப்புகளைப் பார்த்து வரையும் பழக்கத்தை அகற்றி, மொகலாய ராஜபுத்திரச் சித்திரங்களை மாணவர் கண்முன் வைக்க முற்பட்டபோது, நமக்கு மேல்நாட்டு வித்தையை மறைக்கப் பார்க்கிறார் வெள்ளைக்காரர் என்று சந்தேகித்த மாணவர்கள் எதிர்த்தெழுந்தார்கள். சிலர் வெளியேறி 1897இல் ஜூபிலி கலைக் கழகம் என்ற தனிப் பள்ளியையே நிறுவிவிட்டார்கள். ஹாவெலின் நோக்கத்தில் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் கற்பவனைக் கேளாமல் அவன் கண்முன் இருப்பதை மாற்றியதில், மாணவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றே சொல்வேன். பின்னர் 1905இல் அவனீந்திரர் அப்பள்ளியின் துணைத் தலைவரானதும், நந்தலால் போஸ் அவரிடம் சீடராக அமர்ந்ததும், மற்றொரு சீடரான தேவிபிரசாத் ராய் சௌதுரி 1929இல் சென்னைப் பள்ளிக்குத் தலைவராக வந்து, பிற்காலத்தில் மெரினாவில் உழைப்பாளர் சிலையை எழுப்பியதும் நாம் அறிந்த சரித்திரம். சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போனது, கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வட்டியுடன் திரும்பி வந்தது.

இன்றைய மேல்நிலை வகுப்புக்கு வருவோம். மத்தியக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தில் ஓவியப் பாடத்துக்குச் செய்முறை 70 மதிப்பெண், ஏட்டுப் படிப்பு 30. செய்முறையில் முதலில் வருவது எதிரே அடுக்கிய பொருள்களைப் பார்த்து வரைவது: ஒரு குடம், இரண்டு கத்தரிக்காய், பின்னால் மடிப்பு விழுந்த துணி. பார்க்கிறவர்களின் கண் குடத்தின் பளபளப்பில்தான் முதலில் விழும். அங்கே நிற்காதீர்கள், வெள்ளைச் சாயத்தில் ஒரு பொட்டு வைத்துப் பளபளப்பு வரவழைக்கும் சூத்திரத்தை எந்த மாணவனும் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வான். குடத்தின் அடிப்பாகம் மேஜையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். பாத்திரம் அங்கே உட்கார்ந்திருக்கிறதா, மிதக்கிறதா? பிறகு வாய் விளிம்பின் நீள்வட்டத்தையும் அடியின் வளைவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே கண் மட்டத்திலிருந்து பார்க்கப்பட்டவையாக இருந்தால், வரைந்தவன் ‘குடம்’ என்று தன் மனத்தில் ஏற்கெனவே இருந்த படத்தை விட்டுவிட்டு, எதிரே இருந்த குடத்தைப் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். இந்தப் பருவத்தின் பெரிய வெற்றி அதுதான். அது பெரும்பாலும் படத்தின் மிக அழகற்ற மூலையில்தான் நிகழ்ந்திருக்கும்.

ஏட்டுப் படிப்பில் ஷடங்கம் என்று ஒன்று வரும். காமசூத்திரத்துக்கு உரை எழுதிய யசோதரர் குறிப்பிட்ட சித்திரத்தின் ஆறு அங்கங்களான ரூபபேதம், பிரமாணம், பாவம், லாவண்ய யோஜனை, சாதிருசியம், வர்ணிகாபங்கம் ஆகியவற்றை அவனீந்திரர் விரிவாக விளக்கி எழுதியிருக்கிறார். பிள்ளைகள் இந்த ஆறையும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். நாம் ஒப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பள்ளிச் சித்திரத்தின் முன் நிற்கும்போது, பிரமாணமும் பாவமும் அதில் சண்டையிடுவதைத் தேடிப் பார்க்கலாம். பதினாறு வயதுப் பெண் தன் பாட்டியை வரைகிறாள் என்று வையுங்கள். முகத்தின் அளவு சரியாக வந்ததும் பாட்டி காணாமல் போகிறாள், பாட்டி வந்ததும் அளவு குலைகிறது. தேர்ந்தவன் படத்தில் இந்தப் பூசல் தீர்ந்து போயிருக்கும். அதனால் நம் கண்ணுக்கே படாது. பள்ளி மாணவியின் படத்தில் அது வெளிப்படையாக நடந்துகொண்டிருக்கும், அதைக் காண்பது ஒரு தனி ரசம்.

ரேகையைப் பார்க்கக் கற்றுக்கொள்ள விரும்புபவர் காளிகட்டப் படங்களைச் சிறிது காலம் பார்த்துவிட்டு வகுப்பறைக்குப் போவது நலம். கிராமங்களிலிருந்து காளி கோயில் வாசலுக்கு வந்து குடியேறிய பட்டுவாக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைக் காகிதத்தில் யாத்திரிகர்களுக்காக விரைந்து வரைந்து, மிகக் குறைந்த விலைக்கு விற்றவை அவை. மீனைக் கவ்விய பூனையும், மனைவியின் காலடியில் கிடக்கும் பாபுவும் அவற்றில் பிரசித்தம். தோள் முதல் முழங்கை வரை தூரிகை ஒரே வீச்சில் இறங்கியிருக்கும். ஓரத்தில் அடர்த்தியாகத் தொடங்கி உள்ளே நீர்த்துப்போகும் சாயத்தால் அந்தக் கை உருண்டு நிற்கும். விரைவு அங்கே அலட்சியமல்ல, ஆயிரம் தடவை செய்த அப்பியாசத்தின் பலன். இதைக் கண்டபின் மாணவனின் பென்சில் கோட்டைப் பார்த்தால், எங்கே அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுத்தான், எங்கே நம்பிக்கை இல்லாமல் மயிரிழைகளாகத் தடவித் தடவி ஊர்ந்தான் என்பது உடனே விளங்கும். தடவிய கோட்டை இகழ வேண்டாம். ஒரே தாளில் தடவலும் வீச்சும் சேர்ந்திருந்தால், எந்தப் பொருளை வரையும்போது கை துணிந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வர்ணத்தில் வங்காளப் பிள்ளைகளுக்கு வாய்த்த பிதுரார்ஜிதம் நீர்ப்பூச்சு முறை. 1903இல் ஜப்பானிலிருந்து யோகோயாமா தைக்கானும் ஹிஷிதா ஷுன்ஸோவும் கல்கத்தா வந்திருந்தபோது அவர்கள் தூரிகையால் தாளை நனைப்பதைக் கவனித்த அவனீந்திரர், அதையும் தாண்டி, தீட்டிய படத்தையே தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, மேலும் தீட்டி, மறுபடியும் அமிழ்த்தும் தம் வழியைக் கண்டார். பாடத்தில் உள்ள ‘யாத்திரையின் முடிவு’ என்ற அவருடைய படத்தில், சுமையோடு முழங்கால் மடிந்து சரியும் ஒட்டகத்தைச் சூழ்ந்திருக்கும் அந்திப் புழுதி நிறம் இந்த வழியில் பிறந்ததுதான். பிள்ளைகள் அதைப் பிரதி செய்யும்போது ஒட்டகம் எளிதில் வந்துவிடுகிறது, புழுதி வருவதில்லை. பிரதியைப் பார்க்கும் நாமும் ஒட்டகத்தை விட்டுவிட்டு, பின்னணியில் சாயம் சேறாகியிருக்கிறதா, காற்றாகியிருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

பிரதி செய்வதே தவறு என்று இக்காலத்தில் ஒரு கட்சி இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பட்டுவாவின் பிள்ளையும் நம் ஊர் ஸ்தபதியின் பிள்ளையும் பிரதி செய்துதான் கற்றார்கள். கைபேசித் திரையில் கண்ட நடிகரின் முகத்தைக் கட்டம் போட்டுப் பெருக்கி, தாடி மயிர் ஒவ்வொன்றையும் தீட்டி முடித்த படங்களிடந்தான் எனக்குச் சந்தேகம். உழைப்பு அதில் ஏராளம். தீர்மானம் என்று ஒன்றும் இராது. எதை விடலாம் என்ற யோசனை நுழையாத இடத்தில் சித்திரம் நுழைவதில்லை. ரவீந்திரநாதரின் ‘சகஜ பாடம்’ என்ற வங்காளி அரிச்சுவடிக்கு 1930இல் நந்தலால் செதுக்கித் தந்த லினோ படங்களைப் புரட்டிப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் தவிர வேறொன்றும் இல்லை. செதுக்கி எடுத்த இடமெல்லாம் வெள்ளை, விட்ட இடமெல்லாம் கறுப்பு. வங்காளத்தில் தலைமுறை தலைமுறையாக எழுத்துக் கற்ற குழந்தைகளின் முதல் ஓவியக் கூடம் அந்தப் புத்தகந்தான். எங்கே நிறுத்துவது என்பதை மேல்நிலை வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல ஆசான் எனக்குத் தெரிந்து இல்லை.

வெளியார் வகுப்பறைக்குள் நினைத்தபோது நுழைய முடியாது என்பது உண்மை. அதற்கு வசந்த பஞ்சமியை நம்புங்கள். அன்று கல்கத்தாப் பள்ளிகளில் சரஸ்வதி பூஜை. முதல் நாளே பிள்ளைகள் தரையில் ஆல்பனா வரையத் தொடங்கிவிடுவார்கள். நம் கோலத்தைப் போலப் புள்ளி வைத்துக் கணக்குப் பார்ப்பதல்ல அது. அரைத்த அரிசிமாவுக் குழம்பைத் துணியில் தோய்த்து விரல் வழியே வழியவிட்டு இழுப்பது பழைய வழக்கம். இப்போது பெரும்பாலும் வெள்ளைச் சாயமும் தூரிகையும். அவனீந்திரர் 1919இல் வங்காள விரதங்களைப் பற்றி எழுதிய நூலில் ஆல்பனாவுக்குப் பெரிய இடம் கொடுத்திருக்கிறார். தரையில் விழுந்த கொடியை ரப்பரால் அழிக்க இயலாது. அதனால் நாற்காலியில் உட்கார்ந்து வரைந்த படத்தில் ஒளிந்துகொள்ளும் தயக்கம் இங்கே ஒளிய இடமின்றி நிற்கும். கிச்சடிப் பிரசாதத்துக்கு அவசரப்படாமல், வட்டத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். நான்கைந்து பேர் நான்கு திசையிலிருந்து தொடங்கிய கொடிகள் சந்திக்கும் இடத்தில், ஒரு கையின் தடித்த இலைக்கு இன்னொரு கையின் மெல்லிய இலை எப்படி வழிவிட்டிருக்கிறது, அல்லது விடாமல் முட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெரியும். அருகில் வரைந்தவள் யாராவது நின்றால் “நன்றாக இருக்கிறதம்மா” என்று சொல்லி நகர்ந்துவிடாமல், எந்த இலையைக் கடைசியாகப் போட்டாய் என்று கேளுங்கள். அவள் காட்டும் இலைக்கும் முதலில் போட்டதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடிக் கண்டுபிடிக்க உங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.