வெள்ளைப் பூநாரையும் இளஞ்சிவப்புக் கண்டலும்

மன்னார்ப் பக்கத்து வங்காலைத் தரவையில் இளஞ்சிவப்பு என்றால் பூநாரைதான். கூனியும் பாசியும் தின்று உடலில் சேர்த்த கரோட்டினாய்டு நிறமி அது. நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டுச் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. 720 நானோமீற்றர் அகச்சிவப்பு ஃபில்டரை மாட்டி அதே பறவையை எடுத்தால், அந்த நிறமிக்கு அங்கே வேலையில்லை. பூநாரை சலவை வேட்டிபோல வெளுத்து நிற்கும். கரையிலுள்ள கண்டல் மரங்களோ, கணினியில் நான்கைந்து கைவேலைகளுக்குப் பிறகு, இளஞ்சிவப்பாகிவிடும். பறவை தன் நிறத்தைக் கழற்றி மரத்துக்குப் போர்த்திவிட்டதுபோல.

அகச்சிவப்புப் படக்கலையின் கவர்ச்சியும் வழுக்கலும் இந்த ஒரு படத்துக்குள்ளேயே இருக்கின்றன. பறவை வெளுத்தது ஒளி செய்த வேலை. மரம் சிவந்தது கை செய்த வேலை. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழித்துவிடலாம். இது வெப்பத்தைப் பிடிக்கும் படமல்ல. வெப்பப் படங்கள் பல்லாயிரம் நானோமீற்றர் அலைநீளத்தில் எடுக்கப்படுபவை. இங்கே பேசுவது கண்ணுக்குத் தெரியும் சிவப்பின் வேலிக்கு அப்பால், ஏறத்தாழ 700 முதல் 1000 வரையுள்ள ஒளி. 1910 இல் அமெரிக்க இயற்பியலாளர் ரொபேர்ட் வூட் இந்த ஒளியில் எடுத்த நிலக்காட்சிகளை வெளியிட்டார். இலைகள் பனிபடிந்ததுபோல ஒளிர்வதற்கு இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். பச்சையம் இந்த ஒளியை ஏறக்குறையத் தடுப்பதே இல்லை. இலைக்குள் இருக்கும் பஞ்சுபோன்ற திசுவின் காற்றறைகளில் பட்டு அது வெளியே சிதறுகிறது.

இந்த நுட்பத்துக்கு வங்காலை ஏற்ற இடம் என்றுதான் முதற்பார்வைக்குத் தோன்றும். மதவாச்சி–தலைமன்னார் வீதி மன்னார்த் தீவை எட்டுமுன், உப்புச் சேறும் கண்டலும் புல்தரவையும் கலந்து விரியும் 4839 ஹெக்டேயர் நிலம். 2008 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2010 இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பறவை பார்க்க வருகிறவர் விடியலில் வந்து, ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் கமெராவை மூடிவிடுவார். அதற்குப் பிறகு எல்லாம் ஒரே வெளிறல். அகச்சிவப்புக்காரருக்கு அப்போதுதான் வேலை தொடங்குகிறது. வானத்தை நீலமாக்கும் சிதறல் இந்த அலைநீளத்தில் மிகக் குறைவு. ஆகவே வானம் கறுக்கிறது, முகில் திரள்கிறது, பனைகள் கறுப்பு வானத்தில் வெள்ளிபோல எழுகின்றன. உச்சிவெயிலில் எடுக்கத்தக்க படம் என்று ஒன்று அந்தத் தரவையில் உண்டென்றால் அது இதுதான். இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் பாடநூல் சொல்லும் இன்னொன்று இங்கே அப்படியே பலிக்காது. அகச்சிவப்பில் நீர் கறுக்கும் என்பார்கள். ஆழமான, தெளிந்த நீருக்கு அது உண்மை. வங்காலைக் களப்பில் பல இடங்களில் பறவையின் முழங்காலைத் தாண்டாத நீர். ஆயிரக்கணக்கான அலகுகள் கிளறிக் கலக்கிய சேறு. 720 இல் அது கறுப்பாகாது, அழுக்குச் சாம்பலாக நிற்கும். 850 ஃபில்டருக்குப் போனால் இன்னும் கறுக்கும். அப்போது கால்தடமும் இரைதேடிய கோடுகளும் மறைந்து, வாத்துகள் அடியில்லாக் கிணற்றில் மிதப்பதுபோலாகும். சேற்றுநிலத்தின் கதையே அந்தத் தடங்களில்தான் இருக்கிறது. அழகுக்காக அதை இழப்பது எனக்கு நட்டமாகவே படுகிறது.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. டிஜிட்டல் கமெராவின் உணரி இயல்பாகவே அகச்சிவப்பை உணரும். அதைத் தடுக்கத்தான் முன்னால் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியை எடுக்காமல் வெளியே கறுப்பு ஃபில்டரை மாட்டினால், தப்பிவரும் சொற்ப ஒளிக்காகப் பல விநாடிகள் காத்திருக்கவேண்டும். வாடைக்காற்றில் பனையோலை அசையாமல் நிற்குமா? நாரைதான் நிற்குமா? மன்னார்த் தீவின் தென்கரையில் சுழலும் தம்பபவனியின் 30 காற்றாலைகளை இப்படி எடுத்தால் இறக்கைகள் கரைந்து கம்பங்கள் மட்டும் மிஞ்சும். காற்றாலைகளால் பறவைகளுக்குக் கேடு என்று வழக்குவரை போன ஊரில் அது கொஞ்சம் விபரீதமான படம். தடுப்புக் கண்ணாடியைக் கழற்றி மாற்றிய கமெரா இந்தச் சிக்கலைத் தீர்க்கும். ஆனால் மாற்றிய கமெரா வழமையான படத்துக்கு அப்படியே உதவாது. கையில் ஒரே கமெரா உள்ளவர் யோசித்துச் செய்யவேண்டிய காரியம்.

இனி நிறத்துக்கு வருவோம். 720 இல் எடுத்த படம் திரையில் முதலில் செங்கல் நிறத்தில் விழும். புல்லை வெள்ளையென்று கமெராவுக்குச் சொல்லிக்கொடுத்தால் இலை வெளுத்து வானம் பழுப்பாகும். பிறகு சிவப்பு அலைவரிசையையும் நீலத்தையும் இடம்மாற்றினால் வானம் நீலமாகி, இலை வெள்ளைக்கும் வெளிர்மஞ்சளுக்கும் இடையில் நிற்கும். 590 ஃபில்டர் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் கொஞ்சம் உள்ளே விடுவதால் இலை பொன்னாகும். இந்த நிறங்கள் எங்கிருந்து வருகின்றன? உணரியின் மேலுள்ள சிவப்பு, பச்சை, நீலச் சாயங்கள் அகச்சிவப்பைச் சற்றே வேறுபட்ட அளவில் கசியவிடுகின்றன. அந்த நூலிழை வேறுபாட்டை இழுத்து விரித்ததுதான் படத்திலுள்ள நிறம் முழுவதும். அதிகம் இழுத்தால் வானத்தில் புள்ளிகளும் பட்டைகளும் கிளம்பும். 850 இல் மூன்று சாயங்களும் ஏறத்தாழ ஒன்றாகவே கசியவிடும். அங்கே வேறுபாடே இல்லை. 850 படத்தில் நிறம் கண்டால் அது முழுக்கப் பூச்சு என்று தயங்காமல் சொல்லலாம்.

எல்லா அகச்சிவப்பு நிறமும் பொய்தானே, அதில் என்ன தரம்பிரிப்பது என்று கேட்பவர்கள் உண்டு. நான் ஒன்றைப் பார்க்கிறேன். படம் முழுவதற்கும் ஒரே விதி ஓடுகிறதா, அல்லது இடத்துக்கிடம் தூரிகை போயிருக்கிறதா? அலைவரிசை மாற்றம் கண்டலுக்கும் உப்புத்தரைக்கும் முகிலுக்கும் ஒரே விதியைத்தான் வைக்கிறது. இரண்டு பச்சைகள் அதில் வேறுவேறாக வந்தால் அந்த வேறுபாடு நிலத்தில் இருக்கிறது. 1972 இலிருந்து லான்ட்சாட் செய்மதிப் படங்களில் அகச்சிவப்பைச் சிவப்பாகக் காட்டுவதும் இப்படித்தான். அதில் கண்டல் சிவப்பாக இருப்பது பொய்யல்ல, ஒப்பந்தம். மாறாக, தனிமரத்தை வளைத்துக் கட்டி நிறத்தைத் திருகினால் அந்த ஒப்பந்தம் முறிகிறது. அழகாக இருக்கலாம். நிலத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

விதி ஒழுங்காக ஓடினாலும் எதையும் சொல்லிவிடலாமென்றில்லை. ஒளிர்கிற இலை நலமான இலை, மங்கியது நோயுற்றது என்று படக்குறிப்பு எழுதுகிறார்கள். காய்ந்த ஓலையும் அகச்சிவப்பை நன்றாகவே திருப்பி அனுப்பும். உயிருள்ள இலையைப் பிரித்தறியச் சிவப்பொளியோடு ஒப்பிட்டு, அதை அது எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கவேண்டும். செய்மதிக் கணக்குகள் செய்வது அதைத்தான். ஒற்றை அகச்சிவப்புப் படத்தை வைத்துக் கண்டலின் ஆரோக்கியம் பேசுவது கைரேகை பார்ப்பதுபோலத்தான்.

மனிதர் படத்தில் வந்தால் விடயம் இன்னும் கூர்மையாகிறது. தோலின் மெலனின் இந்த ஒளியைக் குறைவாகவே விழுங்கும். வாடியில் வலை பொத்துகிறவரின் வெயிலில் கறுத்த முகம் மெழுகுபோல வெளுத்துவிடும். வெளுப்புக்கு விளம்பரம் ஓடும் நம் ஊரில் இதைச் சிலர் மெருகு என்று எண்ணிக்கொள்ளவும் கூடும். என் கணிப்பில் இந்த நுட்பத்தின் மிகப்பெரிய குறை இதுவே. அவர் உழைப்பின் தடயம் அந்தக் கறுப்புத்தான்.

இளஞ்சிவப்பு நிலம் என்றவுடன் றிச்சர்ட் மொஸ்ஸே என்ற அயர்லாந்துக் கலைஞரைச் சொல்லாமல் போகமுடியாது. பச்சை வண்ணத் துணிக்கும் உயிருள்ள இலைக்கும் வேறுபாடு கண்டு, மறைந்திருப்பவரைக் காட்டிக்கொடுக்கப் படைத்துறைக்காகப் பிறந்த கொடாக் படச்சுருளின் வழிவந்தது ஏரோகுரோம். அதில் அவர் கிழக்குக் கொங்கோவின் போர்நிலத்தை எடுத்தார். 2013 வெனிஸ் கண்காட்சியில் அயர்லாந்தின் சார்பில் வைத்தார். துயரத்தை அலங்கரித்தார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. கொல்லும் கருவியின் கண்ணாலேயே போரைப் பார்க்கவைத்தார் என்ற நியாயமும் உண்டு. அவருக்கு அந்த நியாயம் பொருந்துகிறது. வங்காலையில் அதைப் பாவனை செய்கிறவருக்கு? 1985 சனவரியில் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் கொல்லப்பட்ட ஊர் இது. 2006 யூனில் ஒரு குடும்பம் பிள்ளைகளோடு கொல்லப்பட்டதும் இங்கேதான். போர்க்காலத்தில் தலைக்குமேல் சுற்றிய வேவு விமானத்துக்கு வன்னியில் சனங்கள் வைத்த பெயர் ‘வண்டு’. மேலிருந்து பார்க்கப்படுவது என்னவென்று தெரிந்தவர்களின் நிலத்தை மிட்டாய் நிறத்தில் காட்ட, அழகு மட்டும் காரணமாகப் போதாது.

அதற்காகக் கைவேலையே கூடாதென்பது என் கட்சியல்ல. கொழும்பில் படக்கலைஞர் லயனல் வென்ட் 1930களிலேயே ஒளித்தலைகீழாக்கமும் படஒட்டும் செய்து பார்த்தவர். இருட்டறையின் கை அந்தப் படங்களில் வெளிப்படையாகத் தெரியும். எவரையும் அவை ஏமாற்றவில்லை. பழைய ஸ்ரூடியோக்களில் கறுப்புவெள்ளைக் கல்யாணப் படத்தின் கூறைக்குச் சிவப்பும் தாலிக்கு மஞ்சளும் பூசிக்கொடுத்தார்கள். கமெரா அதைக் கண்டதென்று எவரும் சொல்லவில்லை.

வெளுத்த பூநாரைக்குத் திரும்ப வருகிறேன். படத்தை முடிக்கும்போது, ‘இது பூநாரை மாதிரி இல்லையே’ என்று தோன்றி, பறவையை மட்டும் தெரிந்தெடுத்து மறுபடி இளஞ்சிவப்புப் பூசும் பழக்கம் இருக்கிறது. அந்த ஃபில்டர் நமக்குக் காட்டிய ஒரேயொரு புதிய செய்தி, அந்தப் பறவை வெள்ளை என்பதுதான்.