பழவேற்காட்டு உப்புக் காற்றில் ஒரு நீல இன்ஹேலர்

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு நீலப் பிளாஸ்டிக் கூடு. அதற்குள் தலைகீழாகச் செருகிய சின்ன உலோகக் குப்பி. ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம் சால்புட்டமால், மொத்தம் 200 அழுத்து. மருந்துக்கடையில் ஆஸ்தாலின் இன்ஹேலர் என்று கேட்டால் கையில் வருவது இதுதான். மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிக் கிடக்கும் தசையை ஐந்து நிமிடத்துக்குள் தளர்த்திவிடும். அந்தத் தளர்ச்சி நான்கிலிருந்து ஆறு மணி நேரம் நிற்கும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இதற்கு மதிப்பெண் போடுவது எளிது. சென்னைக்கு வடக்கே, ஏரியையும் கடலையும் ஒட்டிக் கிடக்கும் கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், தோணிரேவு, ஜமீலாபாத் போன்ற பழவேற்காட்டு ஊர்களில்தான் இந்தக் கருவியின் பலமும் பலவீனமும் தெரியவரும்.

இந்த ஊர்களில் வீசிங்கைக் கிளப்பிவிட எத்தனையோ இருக்கின்றன. அடுப்பில் எரியும் வேலிக்காத்தான் விறகு, ராத்திரி ஏற்றும் கொசுவர்த்தி, பீடி, மழைக்கால ஈரத்தில் சுவரில் பூக்கும் பூஞ்சை. இறால், நண்டு பதப்படுத்தும் கூடங்களில் கிளம்பும் ஆவியிலும் துகளிலும் இருக்கும் புரதம் சிலருக்குத் தொழில்வழி ஆஸ்துமாவைத் தருகிறது என்பது பல நாடுகளில் பதிவான உண்மை.

இன்ஹேலரின் பிறப்பே ஒரு குழந்தையின் கேள்வியில் தொடங்கியது. அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசனின் மகளுக்கு ஆஸ்துமா. தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி என் மருந்தையும் ஒரு டப்பாவில் அடைக்க முடியாதா என்று அவள் கேட்க, 1956-இல் அளந்து மருந்து தரும் முதல் இன்ஹேலர் கடைக்கு வந்தது. சால்புட்டமால் அதில் ஏறியது 1969-இல். அடிப்படை அமைப்பு அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. தப்பாகப் பயன்படுத்தும் விதங்களும் மாறவில்லை.

முதல் சிக்கல் கைக்கும் மூச்சுக்கும் உள்ள ஒத்திசைவு. நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். வாயில் வைத்து உதடுகளை இறுக்கி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே ஒரு அழுத்து. தொடர்ந்து ஆழமாக இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். அடுத்த அழுத்துக்கு அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். இளைப்பு முற்றிய நேரத்தில், ஆடுகிற படகில், வலையின் ஈரம் காயாத விரல்களோடு இதைப் பிசகாமல் செய்கிறவர்கள் குறைவு. சரியாகச் செய்தாலே மருந்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நுரையீரலுக்குப் போவதில்லை. பெரும்பகுதி தொண்டையில் படிந்துவிடும். பிசகினால் அந்தக் கொஞ்சமும் போகாது.

இதற்கு மாற்றாகப் பலருக்கு எழுதித் தரப்படுவது ரோட்டாஹேலர். மருந்துக் கேப்சூலைப் போட்டுத் திருகி, வேகமாக உறிஞ்ச வேண்டிய பவுடர் கருவி. அழுத்தும் வேலை இல்லை, மூச்சுக்கும் கைக்கும் சண்டை இல்லை. ஆனால் பவுடருக்கு ஈரம் ஆகாது. ஏரிக்கரைக் காற்றில் கேப்சூல்களை டப்பாவிலிருந்து முன்கூட்டியே எடுத்து மடியில் முடிந்துகொண்டு போனால் உள்ளேயிருக்கும் மருந்து கட்டிபிடிக்கும். கருவிக்குள் மூச்சை வெளியே விட்டாலும் அதே கதிதான். கடும் இழுப்பில் தவிக்கிறவருக்கு வேகமாக உறிஞ்சும் தெம்பும் இருக்காது. எனவே படகுக்கும் அவசரத்துக்கும் ரோட்டாஹேலரைவிட அழுத்தும் இன்ஹேலரே மேல். அதுவும் ஸ்பேசரோடு சேர்த்தால்.

ஸ்பேசர் என்பது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே நிற்கும் ஒரு வெற்றுக் குழல். மருந்து அதற்குள் மிதந்து நிற்க, சாதாரணமாக நாலைந்து மூச்சு இழுத்தால் போதும். ஒவ்வொரு அழுத்தையும் தனித்தனியாக இழுக்க வேண்டும். பல அழுத்தை ஒன்றாக அடித்துவிட்டு இழுப்பது வீண். சின்னக் குழந்தைகளுக்கு முகமூடியோடு வருவதை வாங்க வேண்டும். இத்தனை பயனுள்ள ஒரு பொருள் 'சேர்த்து வாங்கினால் நல்லது' என்ற அளவிலேயே பல வீடுகளில் நின்றுபோவது வருத்தமானது. இன்ஹேலரையும் ஸ்பேசரையும் ஒரே பொருளாக விற்க வேண்டும்.

வாங்க முடியாவிட்டால்? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஹெதர் ஜார் (Heather Zar) தலைமையிலான மருத்துவர்கள் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் அளவுக்கே ஓட்டை போட்டு, இடைவெளியைப் பசையால் அடைத்துக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். திடீர் ஆஸ்துமாவில் அது கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது என்று 1999-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பழவேற்காட்டில் தண்ணீர் பாட்டிலுக்குப் பஞ்சமில்லை. பாட்டிலின் வாய்தான் இழுக்கும் வாய். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் முக்கியெடுத்து, துடைக்காமல் நிழலில் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் உருவாகும் மின்னேற்றம் மருந்தைச் சுவரோடு ஒட்டவைத்துவிடும். கடை ஸ்பேசருக்கும் இதே விதிதான்.

வெயில் இன்னொரு எதிரி. 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லும் குப்பியை மே மாதப் படகின் மேல்தட்டில் போட்டுவைக்கக் கூடாது. அழுத்த வாயு அடைத்த பொருள் அது. மூடி தொலைந்த இன்ஹேலர் பையில் கிடந்தால் மணலோ செதிலோ உள்ளே புகுந்து, அடுத்த இழுப்பில் நேராக மூச்சுக்குழாய்க்குள் போகும். பல்லில் பறிக் கூடையைக் கவ்விக்கொண்டு, கழுத்தளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இதை இடுப்பில் சொருகவே முடியாது. இறுக மூடிய டப்பாவில் போட்டுக் கரையில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு இறங்குவதே வழி. பிளாஸ்டிக் கூட்டை வாரம் ஒருமுறை கழுவலாம், உலோகக் குப்பியை நனைக்கக் கூடாது. சில நாள் தொடாமல் இருந்தால் முதலில் காற்றில் ஓரிரு முறை அடித்துப் பார்த்துவிட்டு இழுக்க வேண்டும்.

இந்தக் கருவியின் மோசமான குறை, மருந்து தீர்ந்தது தெரியாமல் போவது. 200 முடிந்த பிறகும் சீறும். வருவது வெறும் வாயு. குலுக்கிக் காதில் வைத்துக் கேட்பதும் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் நம்பத்தக்க சோதனைகள் அல்ல. எண்ணிக்கை காட்டும் சாளரம் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் நாட்காட்டியில் கோடு போட்டு எண்ண வேண்டும்.

எண்ணுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது இதைவிடப் பெரியது. சால்புட்டமால் தசையைத் தளர்த்துமே தவிர, குழாயின் உள்சுவரில் இருக்கும் அழற்சியைத் தொடாது. உடனே சுகம் கிடைப்பதால் நோய் அடங்கிவிட்டதாகத் தோன்றும்; உள்ளே அழற்சி வளரும். ஆண்டுக்கு மூன்று குப்பியோ அதற்கு மேலோ தீர்க்கிறவருக்குக் கடும் இழுப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. மாதம் ஒன்று தீர்க்கிறவருக்கு உயிராபத்தே கூடுகிறது. இதனால்தான் உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பான ஜினா, சால்புட்டமாலை மட்டும் வைத்துச் சிகிச்சை செய்வதைப் பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் பரிந்துரைப்பதில்லை என்று 2019-இல் அறிவித்தது. இழுப்பு வராமல் தடுக்கும், ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் கூடவே இருக்க வேண்டும். புடசோனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரை அவசரத்துக்கும் தினசரிக்கும் மருத்துவர் எழுதித் தரலாம். அதை இழுத்த பின் வாய் கொப்பளிக்க வேண்டும். 'இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது' என்ற பயத்தில், பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயத்தில், தடுப்பு மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நீலத்தை மட்டும் ஒளித்துவைத்து இழுப்பது, பயப்பட வேண்டியதை விட்டுவிட்டுக் காக்கிறதைத் தள்ளிவைப்பதாகும்.

கை நடுக்கமும் படபடப்பும் இந்த மருந்தின் பக்கவிளைவுகள். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கும். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது, இழுத்தும் இளைப்பு தணியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்துவிட்டு, ஸ்பேசர் வழியே ஒவ்வொன்றாக நான்கு முதல் பத்து அழுத்து தரலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை 20 நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பத் தரலாம். படகில் மட்டுமே போய்வர முடிகிற இருக்கம் தீவு போன்ற இடங்களில் கரை சேரும் நேரத்தையும் இதோடு கூட்டிக் கணக்குப் போட வேண்டும். அங்கே வீட்டில் ஒன்றும் படகில் ஒன்றுமாக இரண்டு இன்ஹேலர் இருப்பது ஆடம்பரம் ஆகாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடல் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் கையில் காசு குறையும்போது முதலில் வெட்டப்படுவது விலை கூடிய தடுப்பு இன்ஹேலர்தான். நீலம் மட்டும் மிஞ்சும். தடைக்காலத்துக்கு முந்தைய மாதமே பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பொன்னேரி அரசு மருத்துவமனையிலோ மருத்துவரைப் பார்த்து, தடுப்பு மருந்து அங்கேயே கிடைக்குமா என்று கேட்க வேண்டும். போகும்போது பழைய இன்ஹேலரையும் எடுத்துப்போய், மருத்துவர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டிவிட்டு வரலாம்.