வேலன் வராத வீடு

கொடைக்கானலில் ஒரு மழைநாளில் ரெபேக்கா தோர்னின் 'கான்ட் ஸ்பெல் ட்ரீசன் விதவுட் டீ' (2022) நாவலைப் படித்தேன். ராணியின் மெய்க்காவலாளி ரெய்னாவும் மந்திரக்காரி கியாந்தேயும் காதலர்கள். ஓடிப்போய் எல்லையோர ஊரொன்றில் டீயும் புத்தகமும் விற்கக் கடை போடுகிறார்கள். 'கதகதப்பான மாயப்புனைவு' என்று சொல்லலாம் இவ்வகையை. இதிலென்ன இருக்கு என்றுதான் முதலில் தோன்றியது.

ஆனால் நான் உட்கார்ந்து படித்தது முருகனின் மலை. சங்கப் பிரதிகளில் பொதினி. குறிஞ்சித் திணையில் பெண் காதலால் மெலிந்தால், அணங்கு தாக்கியதென்று தாய் முருகனின் பூசாரியான வேலனைக் கூப்பிடுவாள். ஆட்டை அறுத்து வெறியாட்டு நடக்கும். நிஜம் தெரிந்தவள் தோழி ஒருத்திதான். அவளும் அறத்தொடு நின்று தலைவியைத் தலைவனிடம் சேர்ப்பித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். தோழிக்கென்று ஒரு காதலை நம் பொருளிலக்கணம் யோசிக்கவேயில்லை.

தோர்னின் பிரதியில் மந்திரம் பெண்ணுக்குத் தொழில், பீடிப்பு அல்ல. இருவர் காதலை 'இது என்ன நோய்?' என்று யாரும் கேட்பதில்லை. கதகதப்பு என்பது இந்தக் கேள்வி இல்லாத இடம். இதைத் தப்பித்தல் இலக்கியம் என்று தள்ளிவிட முடியாது. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்கு ஓடிவந்து உயர்நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முதலில் தானே உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். 2021 ஜூனில் பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை போட்டார். வேலன் வெள்ளைக் கோட்டில் வந்துகொண்டிருந்தான் என்றுதானே அர்த்தம்?

குறை வேறிடத்தில். நாவலின் எதிரி கொடுங்கோல் ராணி, வாளெடுக்கலாம். நம் பிரதியில் வேலனைக் கூப்பிடுகிறவள் பெற்ற அம்மா, பிரியத்தால் கூப்பிடுகிறாள். தமிழில் இந்த நாவலை எழுதப்போகிறவள் கடை போட்டால் மட்டும் போதாது; அம்மாவுக்கும் ஒரு டீ போட்டு வைத்து, உட்கார்ந்து பேசியாக வேண்டும்.