பருவத்திற்கு ஒவ்வாத பாட்டு

ஜப்பானியப் பாடகி யமகுச்சி மொமோயே 1973இல் இசைத்தட்டுலகில் அடியெடுத்து வைத்தபோது அவருக்கு அகவை 14. முதற்பாட்டு எதிர்பார்த்த அளவு விலைபோகவில்லை. உடனே பாட்டு ஆக்குவோர் வழியை மாற்றினர். பழுக்காத கனி எனப் பொருள்படும் 'அவோய் கஜிட்சு'வில், இருபொருள்படும் சொற்களை அச்சிறுமியின் வாயில் வைத்தனர். தட்டுகள் விற்றன. 1974இல் இத்தகைய மற்றொரு பாட்டு அவர் புகழை மேலும் உயர்த்தியது.

இதனை வெற்றி என்பார் பலர். எனக்கு மனம் ஒப்பவில்லை. பொருள் உணராது மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளையின் குரல் எப்படியிருக்கும் என்பதை ஆசிரியர்கள் அறிவர். (பள்ளி ஆண்டு விழாக்களில் நாமும் அக்குற்றம் செய்ததுண்டு.)

திருப்பம் 1976இல் நேர்ந்தது. அகி யோகோ என்னும் பெண்மணி எழுத, அவர்தம் கணவர் உசாகி ரியூடோ இசையமைத்த 'யோகொசுக்கா ஸ்டோரி' வெளிவந்தது. யோகொசுக்கா மொமோயே வளர்ந்த துறைமுக நகர். முன்னர்க் கேட்ட குரல்தானா இது என்று ஐயுறும்படி, அடங்கிய உறுதியொன்று அதில் ஒலிக்கிறது. இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

புகழ் குன்றாத நிலையிலேயே, 1980 அக்டோபர் 5ஆம் நாள் தோக்கியோ புடோக்கான் அரங்கில் இறுதியாகப் பாடி, ஒலிவாங்கியை மேடைமீதே வைத்துவிட்டுச் சென்றார். அகவை 21. இழப்பென்று வருந்துவோர் உளர், யான் வருந்தவில்லை. அடுத்த மாதம், திரைப்படங்களில் உடன் நடித்த மியுரா தொமொகசுவை மணந்தார். மேடைக்கு மீளவே இல்லை.