யார் கையெழுத்து? சமீரா கோலி தீர்ப்பை ஒட்டிச் சில குறிப்புகள்

கோயில், கலம்பகம், இரட்டைப் புலவர் என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று கோர்ட் தீர்ப்புக்குள் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு இருபது வருஷமாக சுகர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வலது கால் சுண்டுவிரல் கறுத்துப்போனது. எடுத்தாக வேண்டும் என்றார்கள், அப்பாவும் சரி என்றார். முந்தைய நாள் சாயங்காலம் நான்கு பக்க ஒப்புதல் படிவம் வந்தது. முழுக்க ஆங்கிலம். அப்பா கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் படிவத்தை என்னிடம்தான் நீட்டினார்கள். பி.இ. படித்தவன், ஆங்கிலத்தில்தான் பிழைப்பு. ஒரு வரிகூடப் படிக்காமல் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். சாஃப்ட்வேர் நிறுவும்போது எல்லோரும் 'ஏற்கிறேன்' என்று அழுத்துவோமே, அந்த மாதிரி.

மறுநாள் ஆபரேஷன் நடக்கும்போது ஒருவர் வெளியே வந்தார். "பக்கத்து விரலுக்கும் பரவியிருக்கு சார், சேர்த்து எடுத்துடலாமா?" எடுத்துடுங்க என்றேன். அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிற ஊசிதான் போட்டிருந்தார்கள். உள்ளே முழு நினைவோடு படுத்திருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேளுங்கள் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

கட்டுப் பிரித்த அன்று காலைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னது: "கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கலையே."

இந்த ஒரு வார்த்தைதான் என்னை சமீரா கோலி – டாக்டர் பிரபா மஞ்சந்தா வழக்கின் தீர்ப்பைத் தேடிப் படிக்க வைத்தது. உச்ச நீதிமன்றம், 2008 ஜனவரி 16. எழுதியவர் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன். இந்தியாவில் நோயாளியின் ஒப்புதல் பற்றி யார் பேசினாலும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

வழக்கு இதுதான். 1995 மே மாதம், டெல்லி. 44 வயது, திருமணமாகாத பெண். ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று போகிறார். லேப்ராஸ்கோப்பி வைத்துப் பார்க்க ஒப்புதல் தருகிறார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுகிறார்கள். நோயைக் குணப்படுத்தத்தான் எடுத்தோம் என்பது டாக்டர் தரப்பு. தேசிய நுகர்வோர் ஆணையம் புகாரைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 25,000 ரூபாய் இழப்பீடு, டாக்டருக்குக் கட்டணமும் கிடையாது.

தீர்ப்பில் இரண்டு விஷயம் ரொம்பத் தெளிவு. ஒன்று, சோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்கு ஆகாது. செலவு மிச்சம், இரண்டாவது ஆபரேஷன் மிச்சம் என்ற காரணமெல்லாம் செல்லாது. தள்ளிப்போட்டால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. இரண்டு, வயது வந்து, சுயநினைவுக்குத் திரும்பப்போகிற ஒருவருக்காக அம்மா சம்மதம் கொடுக்க முடியாது. மயக்கத்தில் இருந்தவருக்கே இப்படி என்றால், முழித்துக்கொண்டிருந்த என் அப்பாவுக்கு நான் கொடுத்த 'எடுத்துடுங்க'வுக்கு என்ன மதிப்பு? ஒன்றுமில்லை.

என் சண்டை தீர்ப்பின் இன்னொரு பகுதியோடு. நோயாளிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற கேள்வி அங்கே வருகிறது. அமெரிக்காவில் 1972-லேயே கேன்டர்பரி வழக்கில், முடிவெடுக்க ஒரு நோயாளிக்கு என்ன தெரிய வேண்டுமோ அதுதான் அளவு என்றார்கள். இங்கிலாந்தில் 1957-ன் போலம் வழக்கு வழி, பொறுப்பான டாக்டர்கள் வழக்கமாக எவ்வளவு சொல்வார்களோ அதுதான் அளவு. நம் நீதிமன்றம் இரண்டாவது பக்கம் சாய்ந்தது. சிகிச்சை என்ன, எதற்கு, வேறு வழி உண்டா, முக்கிய ஆபத்துகள் என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொன்னால் போதும். எப்போதாவது நேரக்கூடிய அபூர்வ ஆபத்துகளைச் சொல்ல வேண்டாம்.

இதுவரைகூடச் சரி. அதற்குச் சொன்ன காரணம்தான் உறுத்துகிறது. இங்கே நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள், படிப்பறிவு குறைந்தவர்கள், மருத்துவ விஷயங்கள் அவர்களுக்குப் புரியாது, டாக்டரைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்கிறது தீர்ப்பு.

அப்படியா? சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போய்ப் பாருங்கள். கைநாட்டு வைக்கிறவருக்கும் பத்திரத்தைப் படித்துக் காட்டுகிறார்கள். படிக்கத் தெரியாதவர்தானே என்று செக்குபந்தியைச் சொல்லாமல் விடுவதில்லை. விட்டால் அவர் சும்மா இருக்கவும் மாட்டார். அரை சென்ட் நிலத்துக்கு இருக்கிற மரியாதை ஒரு விரலுக்கு இல்லையா? எழுத்துக்கூட்டிப் படிக்கிற எங்கள் தெருப் பெரியம்மாவுக்கு, மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற பெண் பிரஷர் பார்த்துச் சொல்கிற மேல் எண், கீழ் எண் இரண்டும் மனப்பாடம். போன தடவை எவ்வளவு என்றும் சொல்லுவார். யாரோ உட்கார்ந்து சொன்னார்கள், புரிந்துகொண்டார். அவ்வளவுதான்.

புரியாது என்றால் இன்னும் நன்றாகச் சொல்ல வேண்டும் என்றுதானே முடிவு வர வேண்டும்? குறைவாகச் சொன்னால் போதும் என்று எப்படி வரும்?

நாம் பின்பற்றிய அந்த இங்கிலாந்தே 2015-ல் மாறிவிட்டது. மான்ட்கோமரி வழக்கு. சர்க்கரை நோயுள்ள, உயரம் குறைந்த கர்ப்பிணி. பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ள 9-10 சதவீதம் வாய்ப்பு இருந்தும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிசேரியன் கேட்பார் என்பதே சொல்லாததற்குக் காரணம். குழந்தை மூளை பாதிப்போடு பிறந்தது. அந்த நோயாளியின் நிலையில் இருப்பவருக்கு எது முக்கியமோ, அதைச் சொல்லியாக வேண்டும் என்றது பிரிட்டன் உச்ச நீதிமன்றம்.

நேரம் இல்லை என்பார்கள். முண்டியம்பாக்கத்தில் ஒரு திங்கட்கிழமை ஓ.பி. கூட்டத்தைப் பார்த்தவன் அதைப் பொய் என்று சொல்ல மாட்டான். ஆனால் அன்றைக்கு என்னிடம் நடந்து வந்து கேட்ட நேரத்தில், திரைக்கு அந்தப் பக்கம் எட்டி அப்பாவிடம் கேட்டிருக்கலாம். அங்கே இல்லாதது நேரமில்லை, பழக்கம்.

நோயாளிக்குத் தன் சிகிச்சையில் பங்கு இருப்பதாக 'உணர' வைக்க வேண்டும் என்று இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். புன்னகை, கனிவு, பெயர் சொல்லிக் கூப்பிடுவது. எல்லாம் நல்லதுதான். அப்பாவிடம் அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். பங்கு கொடுத்தால் உணர்வு தானே வரும்.

எங்கள் திருவாமாத்தூருக்குக் கலம்பகம் பாடிய இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குப் பார்வை இல்லை, ஒருவரால் நடக்க முடியாது. ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஊர் ஊராகப் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒருவர் பாட்டைத் தொடங்க, மற்றவர் முடிப்பாராம். டாக்டருக்குக் கண் தெரிகிறது, உண்மை. நடக்கப்போகிற கால் நோயாளியுடையது. பாதிப் பாட்டை அவருக்கு விட்டுவைக்கத்தான் வேண்டும்.

டாக்டர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. அன்று கையெழுத்துப் போட்டவன் நான். 2002 மருத்துவ கவுன்சில் விதிப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவருடைய ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். அதைப் படித்த பிறகு எழுதிக் கொடுத்து வாங்கினேன். ஃபைல் இப்போது அப்பா பீரோவில், அவர் சாவியில் இருக்கிறது.

போன மாதம் கண்புரை ஆபரேஷன். அதே மாதிரி ஆங்கிலப் படிவம், அதே மாதிரி என்னிடம் நீட்டினார்கள். வாங்கி அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். இருபது நிமிஷம் ஆனது. இரண்டாவது பக்கத்தில், "லென்ஸ் வச்ச பிறகு சுகர் ஏறினா என்ன ஆகும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நர்ஸைக் கூப்பிட்டோம், அவர் டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் நின்று பதில் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா கேட்டுக்கொண்டு, பேனாவை வாங்கி, அவரே கையெழுத்துப் போட்டார்.